பட்டியலில் பெயரே இல்லாத குழந்தையை யார் தேடிப் போவது?

ஒரு சுகாதார நிலையத்தின் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் டேட்டாபேஸில் இரண்டு டேபிள்கள். ஒன்றில் அந்தப் பகுதியின் 40 குழந்தைகள்: பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர். இன்னொன்றில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்ற விவரம். நர்ஸ் காலையில் மொபைலைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பட்டியலாக வர வேண்டும். வருகிறது. ஆனால், அதில் 37 குழந்தைகள்தான் இருக்கிறார்கள்.

மீதி 3 பேர்? அவர்கள் பெயரில் ஒரு ஊசிகூடப் பதிவாகவில்லை. அதனாலேயே பட்டியலிலும் இல்லை. முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ, சரியாக அந்த வீடுகள்தான் காணாமல் போயின. எரர் எதுவும் வராது. திரை பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது?

தகவலைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளும் ரிலேஷனல் முறையை 1970இல் முன்வைத்தவர் ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் எஃப். காட். நல்ல யோசனை. குழந்தையின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஒவ்வொரு ஊசிப் பதிவிலும் குழந்தையின் ஐடி மட்டும் இருக்கும். அதை வைத்து இரண்டு டேபிளையும் சேர்ப்பதுதான் ஜாயின்.

சிக்கல் இங்கேதான். எஸ்கியூஎல் மொழியில் வெறுமனே ‘ஜாயின்’ என்று எழுதினால் அதற்கு ‘இன்னர் ஜாயின்’ என்று அர்த்தம். அதாவது, இரண்டு பக்கமும் ஜோடி இருந்தால்தான் அந்த வரிசை திரைக்கு வரும். ‘லெஃப்ட் ஜாயின்’ என்று எழுதினால் முதல் டேபிளில் உள்ள எல்லோரும் வருவார்கள்; ஊசிப் பதிவு இல்லாதவருக்கு அந்தக் கட்டம் ‘நல்’, அதாவது காலியாக இருக்கும்.

ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால், அந்தச் சொல்லை கோடு எழுதுபவர் மட்டும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது என்பதே என் கருத்து. இன்னர் ஜாயின் தப்பு என்று சொல்லவில்லை. ‘இன்று போட்ட ஊசிகள்’ என்ற ரிப்போர்ட்டுக்கு அதுதான் பொருத்தம். கேள்வி இதுதான்: இந்தப் பட்டியல் ஊசிகளைப் பற்றியதா, குழந்தைகளைப் பற்றியதா? அதற்குப் பதில் தெரிந்தவர் நர்ஸ். அவரைக் கேட்காமல் ஜாயின் எழுதக் கூடாது.

லெஃப்ட் ஜாயின் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. ‘இந்த ஆண்டு போட்ட ஊசி மட்டும்’ என்ற நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் எழுதினால், தேதி காலியாக உள்ள 3 குழந்தைகளும் மறுபடி கழன்று விழுவார்கள். அந்த நிபந்தனை ஜாயினின் ‘ஆன்’ பகுதிக்குப் போக வேண்டும். எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை ஊசி என்று பார்க்க ‘கவுண்ட்’டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால், ஊசியே போடாத குழந்தைக்கும் 1 என்று காட்டும். ஊசியின் ஐடியை எண்ணச் சொன்னால்தான் 0 வரும். பூஜ்யத்தை ஒன்றாகக் காட்டுவது, பெயரையே காட்டாமல் விடுவதைவிட ஆபத்து.

சரி, காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது? ‘ஊசி போடவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியை வேறு ஊர் மருத்துவமனையில் போட்டிருக்கலாம். அது இங்கே ஏறாமல் இருந்திருக்கலாம். டேட்டாபேஸுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ‘பதிவு இல்லை’. அதை அப்படியே சொல்வதுதான் நேர்மை. மற்றதை நர்ஸ் நேரில் போய்க் கேட்டுக்கொள்வார்.

“டெஸ்ட் பண்ணும்போது எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?” என்று டீமில் யாராவது கேட்பார்கள். இருந்திருக்கும். டெஸ்ட்டுக்காக நாம் உருவாக்கும் குழந்தைகள் எல்லோரும் ஒழுங்காக ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள். இனிமேல் ஒரு பதிவும் இல்லாத ஒரு குழந்தையையாவது அதில் சேருங்கள். பட்டியலின் தலையில் ‘மொத்தம் 40, பதிவு இல்லாதவர்கள் 3’ என்று ஒரு வரி போடுங்கள். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

கோடு எழுதாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. சம்பளப் பட்டியலோ, கட்டணப் பட்டியலோ, பயனாளிகள் பட்டியலோ, எது கைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “மொத்தம் எத்தனை பேர் இருக்கணும், இதுல எத்தனை பேர் இருக்காங்க?” இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், விடுபட்டவர்களின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.