நிலவுக்குப் போன தையல்

முப்பது வருடமாகத் தையல் மெஷினோடு வாழ்கிறவள் நான். ஜாக்கெட்டில் தையல் கோணினால் பிரித்துப் போட்டு மறுபடி அடிப்பேன். வாடிக்கையாளர் முகம் சுளிப்பதோடு சரி. கோணினால் ஓர் உயிரே போகும் என்ற நிலையில் தைத்த பெண்களும் இருந்திருக்கிறார்கள்.

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் அணிந்த உடை, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து டோவரில் தயாரானது. அந்தப் பெண்கள் அதைத் தைத்தது, 'பிளேடெக்ஸ்' உள்ளாடைகளால் பெயர் பெற்ற நிறுவனத்தில். உடைக்கு 21 அடுக்கு. ரெக்ஸின் பை தைத்தவர்களைக் கேளுங்கள், ஊசி ஏறிய துளை மறையாது என்பார்கள். இந்த உடையிலும் அப்படித்தான், தப்பாக விழுந்த துளையை மறைக்க முடியாது. மறந்துபோன குண்டூசி ஒன்றுகூட உள்ளே தங்கிவிடக் கூடாதென்று அந்த உடைகளை எக்ஸ்ரே எடுத்தே பார்த்தார்கள்.

அவர்களை நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ விண்கலத்தின் கணினி நினைவகத்தையும் மாசசூசெட்ஸ் ஆலையில் பெண்களே கையால் நெய்தார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்தால் 1, வெளியே போனால் 0.

விண்வெளி என்றதும் பிள்ளைகளிடம் "நல்லா படி, விஞ்ஞானி ஆகலாம்" என்கிறோம். சரிதான். ஆனால் கைவேலை சுத்தமாக இருப்பவருக்கும் அங்கே இடமுண்டு என்று யார் சொல்வது? பாடப்புத்தகத்தில் நிலவின் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷின் படமும் வர வேண்டும். என்னிடம் காஜா எடுக்கப் பழகும் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அன்று அவள் நூலை இரண்டு முறை சரிபார்த்தாள்.