வேஸ்ட்டை விலைக்கு வாங்குகிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேத்தியின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல். வீட்டில் வீணாகும் டப்பா ஒன்றுக்குள் ஓர் அறையைச் செய்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டுமாம். ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’. நல்ல விஷயம்தானே என்று பசை வாங்கக் கடைக்குப் போனேன். “எதுக்கு சார் கஷ்டம்? ரெடிமேடாவே இருக்கு” என்று கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். புது அட்டைப்பெட்டி, தெர்மாகோல் சோபா, பிளாஸ்டிக் டி.வி. விலை 350 ரூபாய். எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு வாங்கிப் போனார்.

தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. புராஜெக்ட் தெர்மாகோல் மட்டும் மார்க் வாங்கிய மறுநாள் புதாற்றில் மிதக்கிறது. அதுவும் தஞ்சாவூரில்! ஏரி குளத்தில் வளரும் நெட்டியின் தண்டைக் காயவைத்துத் தோலைச் சீவினால், உள்ளே தந்தம் போல வெள்ளை. அதைக் கத்தியால் நறுக்கி ஒட்டி, பெரிய கோவிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்துகிறார்கள் நம் ஊர்க்காரர்கள். 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டிய பள்ளிகள் எத்தனை?

ஆனால் என் கோபம் தெர்மாகோல் மேல் மட்டுமல்ல. என் மேலேயே ஒரு பழைய கோபம் இருக்கிறது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தது. இரண்டு மாதம் கழித்து, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கைவேலைக் கண்காட்சி. தலைப்பு ‘எங்கள் வீடு’. நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். போகும் வழியெல்லாம் தென்னைகள் படுத்துக் கிடந்தன. உள்ளே போனால் வரிசையாகத் தெர்மாகோல் மாடி வீடுகள், வாசலில் கார். கடைசி மேசையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முறுக்கு போட்டுவைக்கும் தகர டப்பாவைச் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே ஒரே அறை. களிமண் அடுப்பு. குறுக்கே நூலில் கொடி, அதில் விரல் நீளத்துக்கு ஒரு பாவாடை. மூலையில் நாலு தீப்பெட்டி, அதுதான் புத்தக அலமாரி. டப்பாவின் மேல்பக்கத் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு நீலப் பாலிதீனைக் கட்டியிருந்தாள்.

“ஏம்மா, கூரை போடலியா?”

“பறந்துடுச்சு சார். இப்ப தார்ப்பாய்தான்.”

பாலிதீனில் நாலு ஓட்டை. அது என்ன என்றேன்.

“ஒழுகுற இடம் சார்.”

முதல் பரிசு ஒரு மாடி வீட்டுக்குப் போனது. ‘நேர்த்தி போதாது’ என்று அந்த டப்பாவுக்கு மார்க் குறைத்தவர்களில் நானும் உண்டு. கையெழுத்துப் போட்டேன், டீ குடித்தேன், பஸ் ஏறினேன். ஒரத்தநாடு தாண்டும்போதுதான் உறைத்தது. நாலு ஓட்டையை இடம் பார்த்துப் போட, அந்தப் பிள்ளை எத்தனை ராத்திரி அண்ணாந்து படுத்திருக்கும்!

டப்பாவுக்குள் அறை செய்வது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். தான் இருக்கும் இடத்தை ஒரு பிள்ளை உற்றுப் பார்க்க வேண்டும். ரெடிமேட் பாக்கெட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

பெற்றோருக்கு நேரமில்லை என்பீர்கள். நியாயம். அப்படியானால் வீட்டுக்கே அனுப்பாதீர்கள். டப்பாவை மட்டும் கொண்டுவரச் சொல்லி, வகுப்பிலேயே இரண்டு பீரியட் கொடுங்கள். ‘உன் வீடு’ என்றும் கட்டாயப்படுத்த வேண்டாம். காட்டப் பிடிக்காத பிள்ளை டீக்கடையைச் செய்யட்டும், ரேஷன் கடையைச் செய்யட்டும். நேர்த்திக்கு மார்க் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

பேத்தி செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் எங்கள் சமையலறையைச் செய்தாள். டேப்பை வைத்து அளந்தோம். ஒரு அடிக்கு அரை அங்குலம். பத்துக்கு எட்டு அடி அறை ஐந்துக்கு நாலு அங்குலமாக அடங்கிவிட்டது. பாட்டில் மூடி அண்டா. வளையல் துண்டு குழாய். சிங்க்கைச் செய்தபோது கேட்டாள்: “கழுவாத பாத்திரத்தையும் வைக்கணுமா தாத்தா?”

“மானம் போயிடும்டி” என்றாள் உள்ளேயிருந்து என் மருமகள்.

வைத்தாள். மூன்று தட்டு, ஒரு குக்கர். இன்னும் மார்க் வரவில்லை.