தாத்தாவின் பதக்கத்துக்குப் புளி வேண்டாம்!

ஜூலை 14 நெருங்கினால் புதுச்சேரியில் சில வீடுகளில் பீரோவின் மேல்தட்டு திறக்கும். துணியில் சுற்றிய ஒரு டப்பா வெளியே வரும். உள்ளே, தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பிரெஞ்சு ராணுவத்தில் வாங்கிய பதக்கங்கள்.

பீச் ரோட்டில் 1938-ல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் அன்று மலர்வளையம் வைப்பார்கள். முன்னாள் சிப்பாய்கள் மார்பில் பதக்கங்களோடு வந்து நிற்பார்கள். இந்த ஊர் அவர்களை 'சொல்தா' என்று அழைக்கிறது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டவர்கள் இவர்களில் உண்டு.

டப்பாவைத் திறந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "ஐயோ, இப்படிக் கறுத்துப் போச்சே! கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்."

ஆகாது. குத்துவிளக்குக்குச் செய்யும் உபசாரம் பதக்கத்துக்கு ஆபத்து.

நீல வளையம் எதனால் ஆனது?

சாதாரண சிப்பாய்களுக்கும் ஹவில்தார் நிலையில் இருப்பவர்களுக்கும் பிரான்ஸ் தரும் உயரிய பதக்கம் 'மெதாய் மிலித்தேர்'. 1852-ல் தொடங்கப்பட்டது. கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே வெள்ளியில் இலை வளையம், நடுவில் பொன்முலாம் பூசிய பெண் தலை, அதைச் சுற்றி நீல வளையம்.

அந்த நீலம் பெயின்ட் அல்ல, எனாமல். கண்ணாடித் தூளை உலோகத்தின் மேல் இட்டு, சுமார் 800 டிகிரி வெப்பத்தில் உருக்கி ஒட்டவைத்தது. வெயிலில் எளிதில் மங்காது. ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடியைப் போலவே விரிசல் விடும், சில்லுப் பெயரும். பெயர்ந்த இடத்தில் பழைய நீலத்தை வீட்டில் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆக, ஒரே பதக்கத்தில் மூன்று பொருட்கள். மூன்றையும் ஒரே புளித் தண்ணீர் மூன்று விதமாகக் கெடுக்கும். மெல்லிய பொன்முலாம் தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். எனாமலின் விரிசலுக்குள் புகும் ஈரமும் புளிப்பும் அடியில் உள்ள உலோகத்தை அரிக்கும். வெள்ளியில் இருக்கும் கறுப்பு, காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான படலம். அதை விபூதியாலோ பற்பசையாலோ தேய்த்து எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்தே போகிறது. சில வருடங்களில் இலை நரம்புகளும் எழுத்துகளும் மழுங்கிவிடும்.

நகைக்கடையில் கொடுத்து அல்ட்ராசோனிக் மெஷினில் போடுவதும் வேண்டாம். அந்த அதிர்வு, விரிசல் விட்ட எனாமலை உதிர்த்துவிடும்.

துப்பாக்கியின் நீலமும் அப்படித்தான்

இன்னொரு நீலமும் பழைய வீடுகளில் இருக்கும். பாக்கெட் கடிகாரத்தின் முள், உரிமத்தோடு பரம்பரையாக வரும் கைத்துப்பாக்கி ஆகியவற்றின் எஃகில் மின்னும் கருநீலம். இதுவும் மேலே தடவிய வண்ணம் அல்ல. எஃகை 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கியோ, ரசாயனக் குளியலில் இட்டோ, அதன் மேற்பரப்பையே மெல்லிய ஆக்சைடு படலமாக மாற்றுகிறார்கள்.

புளி, எலுமிச்சை, வினிகர், துரு நீக்கும் திரவம் எது பட்டாலும் அந்தப் படலம் கரைந்து, அடியில் வெள்ளை எஃகு தெரியும். விரல் ரேகையில் உள்ள வியர்வை உப்பு போதும், சில நாட்களில் துருப்புள்ளி வைக்க. தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் உறையின் ஈரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மெல்லிய துணியில் ஒரு துளி மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதுமானது. துப்பாக்கி என்றால், உரிமம் உள்ளவர் மட்டுமே, குண்டு இல்லை என்பதை உறுதி செய்த பிறகே தொட வேண்டும்.

கடற்காற்று ஊரில் கூடுதல் கவனம்

புதுச்சேரியில் காற்றே உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். 1915-ல் உருவான 'குருவா த கேர்' போன்ற வெண்கலச் சிலுவைப் பதக்கங்களுக்கு இது பெரிய எதிரி. பழுப்பேறிய வெண்கலம் அழுக்கல்ல, அதுதான் அதன் வயது. அப்படியே விடுங்கள். ஆனால், வெளிர் பச்சையில் மாவு போல உதிரும் களிம்பு தெரிந்தால் அது நோய். துடைத்தாலும் திரும்ப வரும். அந்தப் பதக்கத்தை மட்டும் தனியாக, ஈரமில்லாத டப்பாவில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் தொடங்கியதே, வெண்கலச் சிலைகளை அரித்த இதே நோயால்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

* கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, பருத்திக் கையுறையோடு, ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மேசையில் மடித்த டவலை விரித்துக்கொண்டால் நழுவினாலும் எனாமல் தப்பும்.
* தூசியை மென்மையான, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் போதும். தண்ணீர் வேண்டாம்.
* ரிப்பனைத் துவைக்காதீர்கள், சாயம் ஓடும். நிறம்தான் அதன் அடையாளம். நடுவில் வெளிர் நீலமும் இரு ஓரம் சிவப்பும் என்றால், கடல் கடந்த போர்முனைகளுக்கான குருவா த கேர். கிழிந்திருந்தால் விழாவுக்குப் புது ரிப்பன் மாட்டுங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.
* ஒவ்வொரு பதக்கத்தையும் அமிலமில்லாத வெள்ளைத் தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, பிளாஸ்டிக் கவர் மூன்றும் வேண்டாம்.
* டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.
* ஃபிரேம் போட்டு மாட்டினால், வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். பதக்கத்தைப் பசையால் ஒட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு பென்சில்

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு தேய்மானம் மிச்சம் இருக்கிறது. முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் சிப்பாயின் பெயரை விளிம்பில் பொறித்திருப்பார்கள். பிரெஞ்சுப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் இருக்காது. பதக்கமும் அதன் சான்றிதழும் பிரிந்துவிட்டால், அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய சாமான் கடையில் கிடக்கும் இன்னொரு உலோகத் துண்டு, அவ்வளவுதான்.

அதனால் இந்த ஜூலையில் டப்பாவைத் திறக்கும்போது, பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாத்தாவின் பெயர், படைப்பிரிவு, எந்த ஊரில் எந்த வருடம் இருந்தார், எதற்காக இது கிடைத்தது என்று கேட்டு, ஒரு சின்ன அட்டையில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். சான்றிதழையும் ராணுவச் சேவைப் புத்தகத்தையும் போனில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.

கறுத்த பதக்கம் பத்து வருடம் கழித்தும் பதக்கமாகவே இருக்கும். சொல்லத் தெரிந்தவர் அதுவரை காத்திருப்பாரா?