பயத்துக்கு மருந்தா சிலந்தி?

எனக்கு எட்டுக்கால் பூச்சி என்றால் பயம். அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால், பயப்படுகிறவனை நோயாளியாக்கி, "ஒரு டாரன்டுலா வாங்கு, உள்ளங்கையில் ஊரவிடு, பயம் பறந்துபோகும்" என்று வைத்தியம் சொல்கிறார்களே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில தைரியசாலிகள், அவர்களோடுதான் என் வழக்கு.

மருந்து தீர்ந்தால் சீசாவைத் தூக்கி எறியலாம். இந்த மருந்துக்கு உயிர் இருக்கிறது, ஐயா! மெக்ஸிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தியில் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பயம் இரண்டே மாதத்தில் தெளிந்துவிட்டால், மிச்சக் காலத்துக்கு அதை என்ன செய்வதாக உத்தேசம்?

கையில் ஏந்துவதால் அந்த ஜீவனுக்கு ஒரு சுகமும் இல்லை. நடுங்கும் கையிலிருந்து நழுவி விழுந்தால், வயிறு வெடித்துச் செத்துப்போகும். மிரண்டால் பின்னங்கால்களால் வயிற்று ரோமத்தை உதறும். அது கண்ணில் பட்டால் டாக்டரைத் தேடி ஓடவேண்டியதுதான்.

"அப்படியானால் பயந்தவன் வளர்க்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக வளர்க்கட்டும். சொல்லப்போனால் அவன்தான் நன்றாக வளர்ப்பான். தொடமாட்டான், மூடியை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பான். கொஞ்சம் மண், ஒளிந்துகொள்ள ஓர் இடம், தண்ணீர், அவ்வப்போது ஒரு பூச்சி, மற்றபடி தனிமை. சிலந்தி கேட்பதும் இவ்வளவே. நிதானமாக நகர்கிற, தரையில் வாழ்கிற, கூண்டிலேயே பிறந்த இனமாகப் பார்த்து எடுத்தால் போதும்.

ஆனால் வாங்கப் போகிறவன் கண் எங்கே போகிறது? நீல நிறத்தின் மேல்! 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேயர் பெயர் சூட்டிய நீலச் சிலந்தி அது. ஆந்திரத்தின் கூட்டி ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டது. பிறகு நூறு வருஷம் எவர் கண்ணிலும் படாமல், 2001-ல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மீண்டும் தென்பட்டது. அதன் காடு 100 சதுர கிலோமீட்டர்கூட இராது. மரத்துக்கு ஒரு பக்கம் கோடரி. சிலந்திக்கு இன்னொரு பக்கம் சேகரிப்பாளர்களின் ஆசை. போதாக்குறைக்கு மின்னலாய் ஓடும். கடித்தால் தசைகள் நாள்கணக்கில் இழுத்துப் பிடிக்கும். பயந்தவனுக்கு ஏற்ற முதல் பிராணிதான்! நம் ராமேசுவரத்துப் புளியமரங்களில் வாழும் சிலந்தியும் இதே குலம். அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இந்தக் குலம் முழுவதையும் 2019-ல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சட்டம் துறைமுகத்தில் நிற்கலாம். கடை வாசலில் நிற்கவேண்டியது வாங்குகிறவனின் மனச்சாட்சி. "இது எங்கே பிறந்தது?" என்று வியாபாரியைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால், விலை எவ்வளவு மலிவானாலும் வெறுங்கையோடு திரும்புங்கள்.