றப்பர் பிடியா, மரப் பிடியா?

கொஞ்சம் நீளமான பதிவுதான், பிள்ளை வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரம் ஒன்பதாம் ஆண்டுப் பொடியன்மார் நாலைந்து பேர் மரத்தடியில் வாக்குவாதம். கிட்டப் போனேன். ஒருவன் கேட்டான்: "சேர், சின்ன ரிவோல்வருக்குப் பிடி மாத்திறதெண்டா றப்பர் நல்லமா, மரம் நல்லமா?" வீட்டில் போனில் அமெரிக்கக்காரர் ஒருவரின் வீடியோ பார்த்திருக்கிறார்கள்.

ஏசி அனுப்பியிருக்கலாம். ஏசினால் அடுத்த முறை என்னிடம் கேட்க மாட்டான், போனிடம்தான் கேட்பான். ஆகவே பதில் சொன்னேன். உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோகும் அந்த ரிவோல்வர் சின்னது, பாரம் குறைந்தது, பெரும்பாலும் ஐந்து குண்டுதான். பிடியும் சின்னது, சுண்டுவிரல் வைக்க இடமில்லை. சுடும்போது உதைப்பு நேரே உள்ளங்கைக்கு வரும். பெரிய றப்பர் பிடி போட்டால் உதைப்பு குறையும், ஆனால் சேட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே தெரியும். வழுவழுப்பான மரப் பிடி துணியில் மாட்டாது, ஆனால் கை நோகும். மறைக்க வசதியானதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இவ்வளவுதான் விஷயம்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். "அந்த வீடியோவில் பிடிக்கிறவன்ட கையைப் பற்றி எல்லாம் சொன்னாங்க. முன்னுக்கு நிக்கிறவனைப் பற்றி ஏதும் சொன்னாங்களா?" ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டு திரியலாம். அங்கே அது கடைச் சாமான். இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வைத்திருந்தால் மறியல்தான். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துவக்குகளைக்கூட 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு மீளாய்வுக்காகத் திருப்பிக் கேட்டது.

சட்டத்தை விடுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போனது துவக்கு முனையில். 2009இல் முள்ளிவாய்க்காலில் தமிழ்ச் சனம் பட்டதைச் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு சனத்தின் பிள்ளைகளும் இன்று ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துவக்கு ஒரு விளையாட்டுச் சாமானாக மாறிக்கொண்டு வருகிறது. எனக்குப் பயம் அதுதான்.

அபூ மூஸா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அம்போடு பள்ளிக்குள்ளோ சந்தைக்குள்ளோ போகிறவர் அதன் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் பட்டுவிடக்கூடாது என்பது கருத்து. வைத்திருப்பவனின் வசதியை அங்கே பார்க்கவில்லை, பக்கத்தில் நடப்பவனைப் பார்த்திருக்கிறது மார்க்கம்.

மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் குண்டு பாயும் விளையாட்டுத் துவக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் கண் போகும்.

இரண்டு, பன்றிக்குக் கட்டுத்துவக்கு கட்டுகிறவர்களே, அந்தக் கம்பிக்கு ஆள் எது, பன்றி எது என்று தெரியாது. விறகுக்குப் போகிறவரின் கால்தான் போகிறது. பயிர் அழிவது உண்மை, அந்த வயிற்றெரிச்சலும் நியாயம். அதற்கு வேலி கேட்டு கமக்காரர் அமைப்பு மூலமாக எல்லோரும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போவோம், நானும் வருகிறேன்.

மூன்று, காணி துப்புரவாக்கும்போது பழைய குண்டோ துவக்குத் துண்டோ கண்டால் தொட வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளை போனில் என்ன பார்க்கிறான் என்று இன்றிரவு பக்கத்தில் இருந்து பாருங்கள். பறிக்க வேண்டாம், கதையுங்கள். அந்தப் பொடியன் பெல் அடிக்கும்போது திரும்பி வந்து கேட்டான்: "சேர், முன்னுக்கு நிக்கிறவன் கள்ளனா இருந்தா?" நல்ல கேள்வி. நாளைக்கு வகுப்பில் அதைத்தான் கதைக்கப்போகிறோம். உங்கள் பதில் என்ன? கீழே எழுதுங்கள்.