புகையும் பொறுமையும்

விரைவுக்கென்றே பிறந்த ஒரு கருவி, காலப்போக்கில் பொறுமையைக் கற்பிக்கும் ஆசானாக மாறுவது விந்தையன்றோ? பழைய சுழல் துப்பாக்கியின் வரலாறு அத்தகையதே.

ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்திட்டு நிரப்ப வேண்டிய கைத்துப்பாக்கிகளே வழக்கிலிருந்த காலத்தில், சுழலும் உருளையுடைய துப்பாக்கியை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான சாமுவேல் கோல்ற். 1830இல், பதினாறு வயதில், கல்கத்தா சென்ற கப்பலில் பணிபுரிந்தபோது அதன் மாதிரியை அவர் மரத்திற் செதுக்கினார் என்பர். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். முதல் தொழிற்சாலை சில ஆண்டுகளில் நொடித்துப்போயிற்று. எனினும் அவர் தளரவில்லை. 1851ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் 'நேவி' என்னும் ஆறறைத் துப்பாக்கி அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது எத்தனையோ உயிர்களைக் குடித்தது.

இன்று அதே துப்பாக்கியை, பெரும்பாலும் இத்தாலியில் வார்க்கப்படும் அதன் மறுபடிவங்களை, அமெரிக்க நண்பர்கள் விடுமுறை நாட்களில் இலக்குத் திடலுக்கு எடுத்துச் செல்கின்றனர். அங்கே அவர்கள் எதிரி ஒரு தாள் வட்டமே.

தோட்டாவைச் செருகிச் சுடும் வழக்கம் இதற்கில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்தை அளந்து ஒவ்வோர் அறையிலும் இடவேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே ஊற்றுதல் கூடாது. அறையில் கனன்று கிடக்கும் ஒரு பொறி குடுவை முழுவதையும் வெடிக்கச் செய்துவிடும். ஆதலால் சிறு அளவையில் எடுத்தே இடுவர். அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் குழலின் கீழுள்ள நெம்புகோலால் அழுத்துவர். ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்க வாயிற் கொழுப்புப் பூசுவர். பொறி தரும் சிறு செப்புக் கிண்ணிகளை, குழல் இலக்கை நோக்கியிருக்கும்போது, இறுதியாகவே பொருத்துவர். ஆறு அறைகள் இருந்தும் ஐந்தையே நிரப்பி, வெற்றறையின் மேல் சுத்தியைத் தங்கவிடுவோர் பலர்.

குறிபார்ப்பதும் எளிதன்று. சுத்தியின் உச்சியில் வெட்டப்பட்ட சிறு பிளவே பின்புறக் குறிகாட்டி. ஆதலால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலாற் சுத்தியைப் பின்னிழுத்த பின்னரே குறி கண்ணுக்குப் புலப்படும். வெடித்ததும் வெண்புகை எழுந்து இலக்கையே மறைத்துவிடும். குண்டு பட்டதா இல்லையா என்றறிய, புகை கலையும் வரை காத்திருத்தல் வேண்டும்.

நட்பின் அருமை விளங்குவதும் இங்கேதான். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையெனின், துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கவே இளைஞன் கை துடிக்கும். மருந்து தாமதித்துத் தீப்பற்றுதலும் உண்டு. "திரும்பாதே, குழல் இலக்கையே நோக்கட்டும்" என்று அருகில் நிற்கும் நண்பன் சொல்லும் ஒரு சொல்லே ஓர் உயிரைக் காக்கலாம். ஒருவர் இலக்கைப் பார்க்க முன்செல்லும்போது ஏனையோர் துப்பாக்கியைத் தொடுவதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, செவிக்குக் காப்பு இன்றி எவரும் நிற்பதில்லை. இவ்விதிகளில் ஒன்றை மீறுபவன் எவ்வளவு நெருங்கிய தோழனாயினும் அன்று சுடும் உரிமையை இழப்பான். அதனைக் கடுமையென்று எவரும் கருதுவதில்லை.

மாலையானாலும் வேலை முடிவதில்லை. கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை விரைவில் துருவேற்றும். துப்பாக்கியைக் கழற்றிச் சவர்க்கார வெந்நீரிற் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவிய பின்னரே ஓய்வு. சுட்ட குண்டுகள் சிலவாயினும், அதற்கான உழைப்பு நாள் முழுவதும் நீள்கிறது.

ஒரு வெடிக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கையில் எவனும் அதனை வீணாக்கத் துணியான். ஆற்றலைக் கையிலேந்தியவனுக்கு அடக்கமே முதற்காவல். இலக்கைத் துளைத்தவனை நண்பர் அன்று மாலை பாராட்டுவர்; தன் கையை அடக்கத் தெரிந்தவனையோ அடுத்த முறையும் தம் அருகில் நிற்க அழைப்பர். மாணவச் செல்வங்களே, துப்பாக்கியை ஒருநாளும் தொடாதோருக்கும் இப்பாடம் பொருந்தும். நாவும் ஒரு விசையே, அழுத்துமுன் எண்ணுக.