எனக்கு ஐம்பத்திநாலுதான் அண்ணை

வெள்ளவத்தையில் விலைகூடின ரேஸ் சைக்கிள் பூட்டிக் கொடுக்கிறவனிடம் வருகிற தம்பிமாருக்கு எல்லாம் தெரியும். பிறேம் எத்தனை கிராம் என்று தெரியும். டுரா-ஏஸ் கியருக்கும் அல்டெக்ராவுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். தங்கள் கால் எவ்வளவு நீளம் என்பது மட்டும் தெரியாது. அளவு நாடாவைக் கையில் எடுத்தாலே, தையற்கடைக்குள் தவறி நுழைந்தவர் மாதிரி முகம் போகும். “அதெல்லாம் வேண்டாம் அண்ணை, எனக்கு ஐம்பத்திநாலுதான்.”

யாருடைய ஐம்பத்திநாலு? ஒரு கொம்பனியின் 54 அளவுப் பிறேம் இன்னொரு கொம்பனியின் 52க்குக் கிட்ட நிற்கும், வேறொன்றின் 56க்கும் கிட்ட நிற்கும். பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள். கிராங்க் சுழலும் நடுப்புள்ளியிலிருந்து ஹேண்டில் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதுதான் அது. கால் அளவோ இன்னும் லேசு. செருப்பைக் கழற்றிச் சுவரோடு நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு கொப்பியை ஒட்டப் பிடித்தால் நீளம் வந்துவிடும். அதை 0.883 ஆல் பெருக்கினால் சீட் உயரம். 1986இல் டூர் டி பிரான்ஸை வென்ற கிரெக் லெமோண்டின் பெயரில் உலாவுகிற கணக்கு இது. கால் 82 சென்றிமீற்றர் என்றால் சீட் 72.4. ஓடிப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதற்கு ஒருவருக்கும் நேரமில்லை.

நேரமிருந்தும் என்ன, தெரிவு ரொரன்ரோவில் முடிந்திருக்கும். ஒரு தம்பிக்கு அங்கே இருக்கிற மச்சான் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தவராம். பெட்டியைத் திறந்தால் ஹேண்டிலும் ஸ்டெமும் ஒன்றாக வார்த்த கார்பன். முந்தியென்றால் கை எட்டவில்லை என்று சொன்னவுடன் ஸ்டெம்மை மட்டும் கழற்றி, இரண்டு சென்றிமீற்றர் கட்டையானதைப் போட்டுவிடலாம். இதில் முழுச் சாமானையும் திரும்ப வாங்க வேண்டும். பிறேக் ஒயில் குழாய்கள் ஹெட்செட்டுக்குள்ளால் இறங்குகின்றன. வெளியே ஒரு வயரும் தெரியாது, படத்துக்கு நல்ல வடிவு. ஆனால் இது மரைன் டிரைவ். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக்காற்றுக்குக் கார்பன் தப்பும், இரும்புப் பெயாரிங் தப்பாது. மேல் பெயாரிங் கரகரக்கத் தொடங்கினால், பல பிறேம்களில் ஹேண்டிலைக் கழற்றி, ஒயில் குழாயைத் துண்டித்து, பெயாரிங்கை மாற்றி, திரும்பக் குழாயை இறக்கி, காற்றில்லாமல் ஒயில் ஏற்ற வேண்டும். பழைய சைக்கிளில் அரை மணித்தியால வேலை. இதை வாங்குவதற்கு முன்னே சொன்னால் நான் பழைய காலத்து ஆள்.

கியர் விஷயமும் அப்படித்தான். முன்னுக்கு 54-40 பல் வேண்டுமாம், போட்டிக்காரர் அதைத்தான் போடுகிறார்களாம். ஞாயிறு விடியற்காலை பாராளுமன்றப் பக்கம் ஒரு சுற்று ஓடுவதற்கு எதுவும் போதும். ஆனால் இந்தத் தம்பிக்கு ஏப்ரலில் நுவரெலியா ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் ஐயா! 50-34ஐப் போட்டு, பின்னுக்கும் 34 வையுங்கோ, றம்பொடையில் என்னை நினைப்பீர்கள் என்றேன். மச்சானுக்கு மெசேஜ் போனது. மச்சான் மறுத்துவிட்டார். அவர் குளிருக்குள் வீட்டில் ரோலரில் ஓடுகிறவர்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கொட்டாஞ்சேனையிலிருந்தெல்லாம் பழைய லுமாலா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிடந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டிருந்தது. ஒரு டியூப் வாங்கவே யோசித்த காலம். செயினைக் காட்டி, “என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கோ” என்றார்கள். சொன்னேன், கேட்டார்கள், கூலியை எண்ணித் தந்தார்கள். இன்று பெட்டிக்குள் இருக்கிற சாமானுக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அதன் விலையைப் பெருமையாகச் சொல்கிற அதே வாய், என் கூலி வரும்போது, “கொஞ்சம் பாத்துப் போடுங்கோ அண்ணை, பூட்டுறதுதானே” என்கிறது. ஐந்து நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்கினால் வெடிக்கிற கார்பனை, டோர்க் சாவி பிடித்து ஒவ்வொரு ஆணியாக இறுக்குவது பூட்டுறதுதான். வெடித்தால் மட்டும் அது என் பொறுப்பு.

அந்த ரொரன்ரோ மச்சானின் தம்பி நேற்றும் வந்தார். அடுத்த கிழமை மச்சான் வருகிறாராம், புதுச் சில்லு கொண்டு வருகிறாராம்.

“ஹப் எதுக்கு? ஷிமானோ கசெட்டுக்கா, ஸ்ராமுக்கா?”

“கார்பன் அண்ணை. முழுக் கார்பன்.”